இடுப்பு எலும்பு ஆபரேஷனும் ரத்தப்போக்கைக் குறைக்கும் ஊசியும்: அப்பத்தாவுக்குப் போட விடலாமா?

கேள்வி: உசிலம்பட்டி வாசகர், 15 ஏப்ரல் 2024, இரவு 9.40

அப்பத்தாவுக்கு 79 வயசு. நேற்று சாயங்காலம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் வழுக்கி விழுந்துவிட்டது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். தொடை எலும்பின் மேல்பக்கம் முறிவு, ராடு வைக்க வேண்டும் என்கிறார்கள். கையெழுத்து வாங்கும்போது, ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் என்று ஒரு ஊசி போடுவோம் என்றார்கள். என் மச்சான் "அது ரத்தத்தை உறைய வைக்கிற மருந்து, இந்த வயசுல போட்டா ஹார்ட் அட்டாக் வந்துரும், வேண்டாம்னு சொல்லு" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இன்னொரு பக்கம் ரத்தத்துக்கும் ஆள் கொண்டுவரச் சொல்கிறார்கள். திருவிழா, எலெக்‌ஷன் என்று ஒருத்தரும் கிடைக்கவில்லை. ஊசிக்குச் சரி சொல்வதா, வேண்டாமா?

15 ஏப்ரல், இரவு 10.25

சரி சொல்லுங்கள் தம்பி. ஆனால் சொல்வதற்கு முன் டாக்டரிடம் நான்கு விஷயம் தெரிவித்துவிடுங்கள். அப்பத்தாவுக்கு முன்னால் வலிப்பு வந்திருக்கிறதா? காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி என்று எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா? கிட்னிக் கோளாறு உண்டா? ஸ்டென்ட், பக்கவாதம், ரத்தம் நீர்க்கும் மாத்திரை ஏதாவது உண்டா? மாத்திரை டப்பாவை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் ஞாபகமில்லை, வெள்ளை மாத்திரை, பாதி உடைத்துப் போடும் என்றெல்லாம் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் ரத்த வங்கியில் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எலும்பு வார்டிலிருந்து ரத்தம் கேட்டு வரும் சீட்டுகளை வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த ஊசி மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, மறைக்கவில்லை.

15 ஏப்ரல், இரவு 11.10

தூக்கம் வரவில்லை. மச்சான் சொல்வதற்கு வருகிறேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

எங்காவது வெட்டுப்பட்டால் உடம்பு ஃபைப்ரின் என்ற நாரால் வலை பின்னி ஓட்டையை அடைக்கும். அதே நேரத்தில் பிளாஸ்மின் என்ற இன்னொரு பொருள் அந்த வலையை அறுத்துக்கொண்டே இருக்கும். பெரிய ஆபரேஷனிலும் பெரிய அடியிலும் இந்த அறுக்கிற வேலை மும்முரமாகிவிடுகிறது. கண்மாய்க் கரை உடைப்பில் நாலு பேர் மண் மூட்டை அடுக்கும்போது, ஒருவன் அடியில் இருந்து மூட்டையை உருவினால் எப்படி? டிரானெக்ஸாமிக் ஆசிட் உருவுகிற அந்தக் கையைத்தான் பிடிக்கிறது. புதிதாக மூட்டை எதையும் அது அடுக்குவதில்லை. அதாவது, இல்லாத இடத்தில் கட்டியை உண்டாக்குகிற மருந்து அல்ல, காயத்தில் உடம்பே கட்டிய அடைப்பைக் காப்பாற்றுகிற மருந்து.

போட்ட பிறகு ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். கிட்னியைப் பற்றிக் கேட்டது இதனால்தான். கிட்னி மந்தமாக இருந்தால் மருந்து உடம்பில் தங்கும், அளவைக் குறைப்பார்கள்.

16 ஏப்ரல், காலை 7.15

தம்பி, கேட்க மறந்த கேள்வி: முறிவு சரியாக எந்த இடத்தில்? எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் "நெக்" என்று இருக்கிறதா, "இன்டர்ட்ரோகான்டெரிக்" என்று இருக்கிறதா?

கழுத்துப் பகுதியில் முறிந்தால் அது மூட்டுறைக்குள்ளேயே இருக்கும், கசியும் ரத்தமும் பெரும்பாலும் அந்த உறைக்குள் அடங்கும். அந்த வகைக்கு வயசானவர்களுக்குப் பந்து மாற்றுவார்கள். அதற்குக் கீழே, ட்ரோகான்டர் பகுதியில் முறிந்தால் உறை கிடையாது. பஞ்சு போன்ற எலும்பு, சுற்றிலும் பெரிய தசை. ரத்தம் தொடைக்குள் ஒரு லிட்டர் வரை, சிலருக்கு அதற்கு மேலும் இறங்கித் தேங்கிவிடும். வெளியே ஒரு சொட்டுத் தெரியாது. ராடு வைக்கிறோம் என்றதால் உங்கள் அப்பத்தாவுக்கு இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். இந்த ஊசியால் பலன் அதிகம் கிடைக்க வாய்ப்புள்ள வகையும் அதுதான்.

16 ஏப்ரல், பகல் 1.50

"இன்டர்ட்ரோகான்டெரிக்" என்று பதில் போட்டிருக்கிறார். ஹீமோகுளோபின் 11.8, நல்லாத்தானே இருக்கிறது, ரத்தமே தேவைப்படாதுதானே என்றும் கேட்டிருக்கிறார்.

முதல் நாள் ஹீமோகுளோபினை நம்பி நிம்மதி அடையாதீர்கள். விழுந்த பிறகு அந்த அம்மா தண்ணீர்கூடச் சரியாகக் குடித்திருக்காது. நீர் வற்றிய ரத்தம் கெட்டியாக இருக்கும், எண் கூடுதலாகத் தெரியும். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியதும் உண்மையான எண் வெளியே வரும். 12 என்று வந்த பாட்டி ஒன்றரை நாளில், கத்தியே படாமல், 9க்கு இறங்கிய சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் ஏறிய திரவத்தால், மீதி தொடைக்குள் போன ரத்தத்தால். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மறுபடி ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

இதனால்தான் சொல்கிறேன், ஊசி மட்டும் போதாது, ஆபரேஷனும் தள்ளிப்போகக் கூடாது. முடிந்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். நாள் தள்ளினால் கசிவும் நீளும், படுக்கைப் புண், நெஞ்சில் சளி எல்லாம் வரிசையாக வரும்.

16 ஏப்ரல், இரவு 8.40

பேரையூர்ப் பக்கம் ஒரு வாசகர், நாட்டு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போட்டு ஒரு வாரம் பார்த்துவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரி போகலாமே என்கிறார்.

கை மணிக்கட்டுக்கு எங்கே போனாலும் போங்கள், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. வயசானவர்களின் இடுப்பு முறிவுக்கு மட்டும் அந்த ஒரு வாரத்தைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். அந்த வாரத்தில் தொடைக்குள் ரத்தம் வடிந்துகொண்டே இருக்கும், அசையாத காலின் சிரைகளில் ரத்தம் கட்டவும் ஆரம்பிக்கும். ஒரு வாரம் கழித்துக் கெண்டைக்கால் வீங்கி வந்தால், டாப்ளர் ஸ்கேன் எடுத்துக் கட்டி இல்லை என்று தெரிந்தால்தான் டிரானெக்ஸாமிக் ஆசிட் போடவே தைரியம் வரும். கட்டி இருந்தால் அந்த ஊசி கிடையாது. சோகையோடு, ஊசியும் இல்லாமல், ஆபரேஷன். அப்படி வந்த பல பேருக்குப் பை பையாக ரத்தம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மனசு ஆறாது.

17 ஏப்ரல், காலை 6.30

இன்று அப்பத்தாவுக்கு ஆபரேஷன். 11.8 இப்போது 10.1 ஆகியிருக்கிறதாம். மச்சானும் சம்மதித்துவிட்டாராம்.

எப்போது போடுவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பொதுவாகக் கத்தி வைப்பதற்குச் சற்று முன்னால், ஒரு கிராம் அளவில், நரம்பு வழியாக, பத்து நிமிடம் போல மெதுவாக. சில இடங்களில் எடைக்குக் கணக்குப் பார்த்து, கிலோவுக்கு 15 மில்லிகிராம். சிலர் சில மணி நேரம் கழித்து இரண்டாவது டோஸ் தருவார்கள். நரம்பில் வேகமாக ஏற்றினால் பிரஷர் இறங்கும், அதனால்தான் அந்தப் பத்து நிமிடம்.

17 ஏப்ரல், காலை 9.05

ஒரு நர்ஸ் வாசகர் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறார்: "அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், அப்புறம் கொடுத்தால் கெடுதல் என்று படித்தோமே. இந்தப் பாட்டி விழுந்து மூன்று நாள் ஆகிறதே?"

அந்த 3 மணி நேரக் கணக்கு கிராஷ்-2 ஆய்விலிருந்து வந்தது. 2010இல் வெளியானது. 40 நாடுகள், 20,000க்கு மேற்பட்ட விபத்து நோயாளிகள். ஊசி போட்டவர்களில் இறந்தவர்கள் 100க்கு 14.5, போடாதவர்களில் 16. அடுத்த ஆண்டு அதே கணக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான், 3 மணி நேரம் தாண்டிக் கொடுத்தவர்களுக்கு ரத்தப்போக்கால் மரணம் கூடியது தெரிந்தது. ஆபரேஷன் விஷயத்தில் கத்தி வைக்கும் நொடியில் புதுக் காயம் ஒன்று தொடங்குகிறது. எலும்புக்குள் துளை போட்டு ராடை இறக்குகிறார்கள். கடிகாரம் அங்கிருந்துதான் ஓடும். அதனால் முன்கூட்டியே போடுகிறார்கள், ரத்தம் கொட்டிய பிறகு தேடிப் போடுவதில்லை.

17 ஏப்ரல், பகல் 12.20

ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறவர்களும் இந்த இழையைப் படிப்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன். வீட்டுக்காரர்கள் பயப்பட வேண்டாம், இது உங்கள் கையில் உள்ள விஷயம் இல்லை.

இடுப்பு ஆபரேஷனில் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டுத்தான் மரக்க வைக்கிறார்கள். அதற்கான புபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தின் ஆம்பூலும் (சிறு கண்ணாடிக் குப்பி) டிரானெக்ஸாமிக் ஆசிட் ஆம்பூலும் சில கம்பெனிகளில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆம்பூல் மாறி டிரானெக்ஸாமிக் ஆசிட் முதுகுத்தண்டுக்குள் போய், அடங்காத வலிப்பு வந்து இறந்தவர்கள் உலகில் பல நாடுகளில் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் எச்சரித்தது, உலக சுகாதார நிறுவனமும் எச்சரித்திருக்கிறது. மயக்க மருந்துத் தட்டில் இந்த ஆம்பூலை வைக்கவே கூடாது. வேறு தட்டு, வேறு அலமாரி. உடைக்கும் முன் பெயரை வாய்விட்டுப் படியுங்கள், இன்னொருவர் காதில் விழட்டும். ரத்த வங்கியில் ஒவ்வொரு பையின் எண்ணையும் குரூப்பையும் இரண்டு பேர் உரக்கப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் வெளியே விடுவோம். எத்தனை அவசரமானாலும், வெளியே எத்தனை பேர் கத்தினாலும் அப்படித்தான்.

17 ஏப்ரல், இரவு 9.30

ஆபரேஷன் முடிந்ததாம். உள்ளே ரத்தம் ஏற்றவில்லையாம். ரொம்ப சந்தோஷம் தம்பி. ராத்திரி பாட்டியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள், அந்த வயசில் ஆபரேஷன் முடிந்த இரவில் குழப்பம் வரும், யார் எவர் என்று தெரியாமல் பேசும். கண்ணாடியும் காது மெஷினும் இருந்தால் போட்டுவிடுங்கள்.

19 ஏப்ரல், பகல் 11.45

ஓட்டுப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். மச்சானுடைய பயத்துக்கு இன்னும் முழுசாகப் பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக உறுத்துகிறது.

மருந்து வேலை செய்கிற விதத்தை விளக்கினால் மட்டும் பயம் போய்விடாது, ஆட்களை எண்ணிப் பார்த்த கணக்கு வேண்டும். 2022இல் பாய்ஸ்-3 என்ற ஆய்வு வந்தது. இதய ஆபரேஷன் அல்லாத மற்ற ஆபரேஷன்களுக்கு வந்த 9,535 பேர். ஊசி போட்டவர்களில் பெரிய ரத்தப்போக்கு 100க்கு 9.1, வெறும் உப்புத் தண்ணீர் போட்டவர்களில் 11.7. மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டி வகையறா எல்லாம் சேர்த்து ஊசிக்காரர்களில் 14.2, மற்றவர்களில் 13.9. வித்தியாசம் ரொம்பச் சின்னது. ஆனாலும் ஆய்வாளர்கள் முன்பே வகுத்துக்கொண்ட எல்லைப்படி "ஆபத்து கூடவில்லை" என்று அவர்களால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆகவே மச்சான் கேட்ட கேள்வி முட்டாள்தனமான கேள்வி இல்லை. ஆறு மாதத்துக்குள் ஸ்டென்ட் வைத்தவர், சமீபத்தில் பக்கவாதம் வந்தவர் என்றால் டாக்டர் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிப்பார், யோசிக்கவும் வேண்டும். அப்படி எதுவும் இல்லாத உங்கள் அப்பத்தா போன்றவர்களுக்குத் தராசு ஊசிப் பக்கம் தெளிவாகச் சாய்கிறது.

அளவும் முக்கியம். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறவர்களுக்கு 24 மணி நேரமும் தொடர்ந்து அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஹால்ட்-இட் ஆய்வில் (2020) உயிர் பிழைப்பதில் பலன் இல்லை, சிரைக் கட்டியும் வலிப்பும் கூடின. ஆபரேஷனில் கொடுப்பது ஒன்றிரண்டு கிராமோடு முடிகிற சமாச்சாரம்.

இடுப்பு முறிவில் இந்த ஊசி என்ன செய்கிறது என்றால், ரத்தம் ஏற்ற வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு அது. உயிரைக் காப்பாற்றுகிறது என்று இடுப்பு முறிவில் யாரும் நிரூபித்துவிடவில்லை, நானும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

19 ஏப்ரல், பகல் 12.30

என் அம்மாவுக்கு இதே முறிவு வந்தபோது இந்த ஊசிப் பழக்கம் எலும்பு வார்டுகளில் பரவவில்லை. இரண்டாவது பை ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது, இதயம் அந்தத் திரவத்தைத் தாங்கவில்லை, ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன். பிழைத்துக்கொண்டார்கள். பல வருஷம் கழித்து அத்தைக்கு அதே பக்கம், அதே ராடு. ஊசி போட்டார்கள், ரத்தம் ஏற்றவில்லை. இரண்டு கிழவிகளை வைத்து மருந்தை எடை போட முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் வயசான உடம்பில் ஒரு பை ரத்தம் என்பது சும்மா ஏற்றிவிட்டுப் போகிற டானிக் இல்லை என்று அம்மா கட்டில் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கே உறைத்தது. வாழ்நாள் முழுக்கப் பை எடுத்துக் கொடுத்தவன் நான்.

21 ஏப்ரல், மாலை 4.10

மீனாட்சி கல்யாணச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் ஒன்பது பதில்கள்.

ஒருவர் கேட்கிறார், இது பாம்பு விஷத்திலிருந்து எடுப்பதுதானே என்று. இல்லை. அது ஹீமோகோயாகுலேஸ் என்ற வேறு ஊசி, தென் அமெரிக்க விரியன் வகை விஷத்திலிருந்து வருவது. நம் ஆஸ்பத்திரிகளில் அதுவும் புழங்குவதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். டிரானெக்ஸாமிக் ஆசிட் ரசாயனத் தொழிற்சாலையில் தயாராவது.

திருமங்கலம் சகோதரி, "இதே பெயரில் எனக்கு மாதாந்திரப் போக்கு அதிகம் என்று மாத்திரை கொடுத்தார்களே" என்கிறார். அதேதான் அம்மா. கண்டுபிடித்தவர்கள் ஜப்பானில் ஒகாமோட்டோ தம்பதி, 1962. உத்தாகோ ஒகாமோட்டோ அம்மையார் பிரசவ ரத்தப்போக்கில் பெண்கள் சாவதைத் தடுக்க வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே நினைத்தவர். அதைப் பெரிய அளவில் சோதித்த உமன் ஆய்வு 20,060 தாய்மார்களைச் சேர்த்து 2017இல்தான் வெளியானது, ரத்தப்போக்கால் இறப்பது குறைந்தது என்று காட்டியது. அம்மையார் 2016இல், 98 வயதில் காலமாகிவிட்டார். அந்த முடிவைப் பார்க்காமல் போனாரே என்று ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றும்.

21 ஏப்ரல், இரவு 10.00

உசிலம்பட்டித் தம்பிக்கு. ஹீமோகுளோபின் 8.7 வந்திருக்கிறது, 10க்குக் கீழே போனாலே ரத்தம் ஏற்ற வேண்டும் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்கிறார், சரியா என்று கேட்டீர்கள்.

அது பழைய வழக்கம். இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 2,016 இடுப்பு ஆபரேஷன் நோயாளிகளை வைத்து 2011இல் ஃபோகஸ் ஆய்வு வந்தது. ஒரு பாதிப் பேருக்கு 10க்குக் கீழே போனதும் ஏற்றினார்கள். மற்றப் பாதிக்கு 8க்குக் கீழே போனாலோ, நெஞ்சுவலி, மயக்கம் போன்ற அறிகுறி இருந்தாலோதான். 60 நாள் கழித்துப் பார்த்தால் இறப்பிலும் நடமாட்டத்திலும் வித்தியாசம் இல்லை. உங்கள் அப்பத்தா 8.7இல் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறது என்றால், எண்ணுக்காக ஏற்ற வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்வது நியாயம். தலைசுற்றல், படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் எண்ணைப் பார்க்காமல் உடனே சொல்லுங்கள்.

23 ஏப்ரல், காலை 8.50

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். கோரிப்பாளையம் பக்கம் இன்று யாரும் வண்டி எடுக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் சுற்றிப் போங்கள்.

சித்திரை மாதம் ரத்த வங்கிக்குக் கஷ்டகாலம். காலேஜ்களில் பரீட்சை, லீவு, முகாம் நடக்காது, வெயில் வேறு. சிவப்பணு 42 நாள் வரைதான் கெடாமல் இருக்கும், சாதாரணப் பையில் என்றால் 35 நாள். தையில் கிடைத்ததைச் சித்திரைக்குச் சேர்த்து வைக்க முடியாது. ஒரு பாட்டிக்கு இரண்டு பை மிச்சமானால் அது பிரசவ வார்டுக்கோ நாற்கர சாலையில் அடிபட்டு வரும் பையனுக்கோ போகும். ஆம்பூலின் விலையை ஒரு பை ரத்தம் எடுத்து, ஐந்து நோய்க்குச் சோதித்து, குளிரில் காத்து வைக்கும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. எல்லா எலும்பு வார்டும் இதை வழக்கமாக்க வேண்டும் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

படிக்கிறவர்களில் 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்கு மேல், உடம்பு நல்லாயிருக்கிறவர்கள் இந்த மாதம் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.

23 ஏப்ரல், இரவு 7.30

"முதலில் ரத்தம் நிற்க ஊசி போட்டார்கள், இப்போது தினமும் வயிற்றில் ரத்தம் நீர்க்க ஊசி போடுகிறார்கள், இவர்களுக்கே தெளிவில்லை" என்று மச்சான் மறுபடி கிளம்பியிருக்கிறாராம்.

மச்சானை எனக்குப் பிடித்துவிட்டது, யாராவது ஒருவர் வீட்டில் இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வயிற்றில் போடுவது ஈனாக்ஸாபரின். படுத்தே கிடக்கும் காலில் கட்டி வராமல் தடுக்க. ஆபரேஷன் ஊசி காயத்துக்கான சில மணி நேரத்துக்கு, அடுத்த நாளுக்குள் உடம்பை விட்டுப் போயிருக்கும். ஈனாக்ஸாபரின் அதற்குப் பிறகு வரும் வாரங்களுக்கு. ஒன்று முடிந்த பிறகுதான் இன்னொன்று தொடங்குகிறது. வயிற்றில் போடுவதை நடுவில் நிறுத்திவிடாதீர்கள், எத்தனை நாள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

2 மே, காலை 10.15

அப்பத்தா வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறது என்ற செய்திக்கு நன்றி.

தன் அப்பாவுக்கும் இந்த ஊசி போடலாமா என்று மேலூர் வாசகர் கேட்டதற்குப் பதில்: உங்கள் அப்பாவுக்கு இதய வால்வு மாற்றியிருப்பதால் அசிட்ரோம் என்ற ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுகிறார், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 2.1. இரண்டுமே கணக்கை மாற்றுகிற விஷயங்கள். அசிட்ரோம் நிறுத்துவது, ஐஎன்ஆர் (ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் சோதனை) பார்ப்பது, வைட்டமின் கே கொடுப்பதா, நடுவில் ரத்தம் நீர்க்கும் ஹெப்பாரின் ஊசி வேண்டுமா என்பதை இதய டாக்டரும் மயக்க டாக்டரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும், நீங்களாக இன்று ராத்திரி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டிரானெக்ஸாமிக் ஆசிட் போடுவதாக இருந்தால் அந்தக் கிரியாட்டினினுக்கு அளவைக் குறைக்க வேண்டும். வால்வு ஆபரேஷன் பைல், கடைசி ஐஎன்ஆர் சீட்டு, கிட்னி ரிப்போர்ட் மூன்றையும் கையோடு எடுத்துக்கொண்டு இன்றைக்கே போங்கள்.